மலை ஏறிய தபால்!

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஹாஸ்டலுக்கு வரும் கடிதம் என்ன ஆகும்? தெரிந்த போஸ்ட்மேனாக இருந்தால் பழைய முகவரியை அடித்துவிட்டு, புது முகவரி எழுதி ரீடைரக்ட் செய்வார். ஒரு ஆளுக்கு இது சரி. ஒரு அரசாங்கமே ஊர் மாறினால்?

வெள்ளைக்காரன் காலத்தில் அதுதான் நடந்தது. கல்கத்தா வெயில் தாங்காமல், வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் 1864-ல் சிம்லாவைக் கோடைத் தலைநகர் ஆக்கினார். வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் அரசாங்கம் அங்கேதான். நடுவே 1,500 கிலோமீட்டருக்கும் மேல் தூரம்!

ஃபைல்கள், குமாஸ்தாக்கள் எல்லோரும் மலை ஏறினார்கள். பின்னாலேயே தபாலும் ஏறியது. கல்கத்தா முகவரிக்கு வந்த கடிதம், முகவரி திருத்தப்பட்டு மறுபடி பயணம் போனது. ஒரே கவரில் இரண்டு மூன்று ஊர் முத்திரைகள் விழும். இன்று தபால்தலை சேகரிப்பவர்களுக்கு அப்படிப்பட்ட கவர்கள் பொக்கிஷம்.

சமவெளியில் ரயில் உண்டு. மலையில்? டோங்கா என்ற குதிரை வண்டியும், தபால் பையைத் தோளில் சுமந்து ஓடிய ஓட்டக்காரர்களும்தான். கல்கா-சிம்லா ரயில் வந்ததே 1903-ல்தான். அதன் நீளம் 96 கிலோமீட்டர். அதுவரை துரைமார்களின் குளிர்ச்சிக்கு வியர்வை சிந்தியவர்கள் இவர்கள். ஆனால் சரித்திரப் புத்தகத்தில் இவர்கள் பெயர் இல்லை.

தபால் ஒழுங்காகப் போனால் ஆட்சியும் ஒழுங்காக நடக்குமா? அதுதான் இல்லை. மாகாண அரசுகளும் இப்படியே மலை ஏறின. 1866-ல் ஒரிசாவில் பஞ்சம் தலைவிரித்தாடியது. அந்தக் கோடையில் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் சிசில் பீடன் டார்ஜிலிங் போனார். பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர். பிறகு வந்த விசாரணைக் குழு அரசைக் கடுமையாகக் குறை சொன்னது.

கல்கத்தா வியாபாரிகளும் பத்திரிகைகளும்கூட இந்த வருடாந்திர மலைப் பயணத்தை எதிர்த்தார்கள். செலவு மக்கள் வரிப்பணம், சுகம் சிலருக்கு மட்டும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் 1930களின் கடைசி வரை இந்தப் பயணம் நிற்கவில்லை.

கடிதத்தை ரீடைரக்ட் செய்துவிடலாம் நண்பர்களே. ஆனால் பசித்தவன் முகத்தை எந்தக் கவரில் போட்டு மலைக்கு அனுப்புவது?