கிணற்றுச் சேதி சுமக்கும் கோள்: அனுசாட் முதல் யூனிட்டிசாட் வரை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிறது பெருமாட்டி. பிளாச்சிமடை இந்தப் பஞ்சாயத்தில்தான். 2000இல் வந்த கொக்கோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்கப் பஞ்சாயத்து 2003 ஏப்ரலில் மறுத்தது. வழக்கு கேரள உயர் நீதிமன்றம் போனது. நிலத்தடியில் எவ்வளவு நீர் இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வி அந்த வழக்கின் நடுவே நின்றது. சிறு செயற்கைக்கோள்களின் வரலாற்றை இந்தக் கேள்வியிலிருந்து படிப்பதே சரி என்று நினைக்கிறேன்.

கிணற்று நீர்மட்டத்தை விண்ணிலிருந்து பார்க்க முடியாது. புவியீர்ப்பின் சிறு மாற்றங்களைக் கொண்டு நிலத்தடி நீரைக் கணித்த கிரேஸ் இணைக்கோள்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 கிலோ. அவற்றின் பார்வை பல நூறு கிலோமீட்டர் அகலமானது. ஒரு பஞ்சாயத்து அதில் தெரியாது. 2016 டிசம்பரில் ஏவப்பட்ட சிக்னஸ் என்னும் எட்டுச் சிறுகோள்கள், ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குள், தரையில் பட்டுத் திரும்பும் ஜிபிஎஸ் அலைகளைப் பிடிக்கின்றன. கடற்காற்றை அளக்கச் சென்றவை மேல்மண் ஈரத்தையும் சொல்கின்றன. ஆனால் அதுவும் மேல்மண்ணோடு சரி.

பார்க்க முடியாத கிணற்றைக் கேட்க முடியும். கிணற்றில் ஓர் உணர்கருவி. தலைக்கு மேல் போகும் கோளுக்கு அது அனுப்பும் ஒரு வரிச் செய்தி. கோள் அதை நினைவில் வைத்திருந்து தரைநிலையம் வந்ததும் இறக்கிவிடும். மலைத் தோட்டங்களில் தபால் பை சுமந்து நடந்தவர்கள் செய்த வேலைதான் இது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் உருவாக்கி 1984இல் ஏவப்பட்ட யுவோசாட்-2 இதைச் சோதித்தது. அந்த வரிசையில் பின்னர் வந்த கோள்கள், தொலைபேசி எட்டாத ஆப்பிரிக்க மருத்துவர்களுக்குக் கடிதம் சுமந்தன.

தமிழ்நாட்டின் தொடக்கமும் இதே வேலையில்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி-சி12 ராக்கெட்டில் ஏறியது. எடை 40 கிலோ. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அதுவே. அதன் முதன்மைப் பணி செய்தியை வாங்கி வைத்துப் பிறகு கொடுப்பது. மூன்றாண்டு சுற்றி 2012 ஏப்ரலில் வளிமண்டலத்தில் விழுந்தது.

அடுத்து வந்தவை வேறு பாதை பிடித்தன. 2011இல் எஸ்ஆர்எம்சாட், 2016இல் சத்யபாமாசாட் இரண்டும் பசுமை இல்ல வாயுக்களைக் கவனிக்கப் போயின. குமாரகோவில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ நியூசாட் 2017 ஜூனில் பயிர்களைப் படமெடுக்கப் போனது. நல்ல முயற்சிகள்தாம். ஆனாலும் அனுசாட் விட்ட இடத்திலிருந்து யாரும் உடனே தொடரவில்லை என்பது பெரிய இழப்பு.

ஏன் என்பதற்குக் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் சாட்சி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் சரிந்த மலை, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. 70 பேர் இறந்தனர். மின்சாரமும் செல்போன் தொடர்பும் இல்லாததால் சேதி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. சரிவைக் கோள் தடுத்திருக்காது. ஆனால் மழைமானியின் கணக்கையும் உதவி கேட்கும் ஒரு சொல்லையும் செல்போன் கோபுரம் இல்லாமலே அது கொண்டுபோயிருக்கும்.

இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். தாழ்ந்த பாதையில் சுற்றும் ஒற்றைக் கோள் ஓர் ஊருக்கு மேல் நாளில் சில தடவைதான் வரும். வந்தாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் மறைந்துவிடும். பெருமாட்டிக் கிணற்றுக்கு நாளுக்கு ஒரு சேதி போதும். பெட்டிமுடிக்கு நிமிடக் கணக்கு. அதற்குப் பல கோள்கள் வேண்டும்.

எடை குறைந்ததும் அந்த எண்ணிக்கை கைக்கு எட்டியது. அமெரிக்க நிறுவனமான ஸ்வார்மின் ஸ்பேஸ்பீ, உள்ளங்கையில் அடங்கும் தட்டையான பெட்டி. இத்தனை சிறிதாக இருந்தால் ரேடார் பின்தொடர முடியாது என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அனுமதி மறுத்தும், 2018 ஜனவரியில் அவற்றில் நான்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறின. நிறுவனம் 9 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. விண்வெளிக் குப்பை பற்றிய அந்த அச்சத்தைச் சிறுகோள் செய்யும் ஒவ்வொரு கல்லூரியும் மனத்தில் கொள்ள வேண்டும்.

2021 பிப்ரவரி 28, பிஎஸ்எல்வி-சி51. அனுமதி பெற்ற 12 ஸ்பேஸ்பீக்கள் அதில் இருந்தன. கூடவே வானொலிச் செய்தியை வாங்கிக் கடத்தும் பணிக்கென யூனிட்டிசாட் என்ற மூன்று கோள்கள். ஒன்று நாக்பூர் கல்லூரியுடையது, ஒன்று ஸ்ரீபெரும்புதூர் ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரியுடையது. மூன்றாவது, பெருமாட்டிக்கு எல்லை தாண்டிய அண்டை நகரமான கோயம்புத்தூரின் ஸ்ரீ சக்தி பொறியியல் கல்லூரியில் உருவானது.