கோரஸா, வைப்ராட்டோவா? எலெக்ட்ரிக் கிட்டாருக்கு பெடல் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

சம்பளம் வந்ததும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு எஃபெக்ட் பெடல் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால், கோரஸ் என்று ஒரு வரிசை வரும், வைப்ராட்டோ என்று இன்னொரு வரிசை வரும், இரண்டும் சேர்ந்தது என்று மூன்றாவதும் வரும். வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை ஜாம்பேட் அல்லது சர்ச் பேண்ட் என்று பெங்களூருவில் வாசிக்கிற பலர் குழம்புவது இங்கேதான்.

விஷயம் பெயர் காட்டுகிற அளவுக்குச் சிக்கலானது இல்லை. பெரும்பாலான கோரஸ், வைப்ராட்டோ பெடல்களுக்குள் இருப்பது கிட்டத்தட்ட ஒரே சர்க்யூட்தான். கிட்டாரின் அசல் ஒலியும் சேர்ந்து வெளியே வருகிறதா, இல்லையா என்பதே முக்கியமான வித்தியாசம். இது புரிந்துவிட்டால், தேவையில்லாமல் இரண்டு பெடல் வாங்குவதைத் தவிர்க்கலாம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

ஸ்வரம் மேலும் கீழும் ஆடினால் அது வைப்ராட்டோ. சத்தம் கூடிக் குறைந்தால் அது ட்ரெமோலோ. இந்த இரண்டையும் மாற்றிப் பெயர் வைத்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, ஃபெண்டர் கம்பெனிக்காரர்கள். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் ஸ்வரத்தை ஆட்டும் கம்பிக்கு 'ட்ரெமோலோ' என்று பெயர். அவர்களுடைய ஆம்ப்களில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிக்கு 'வைப்ராட்டோ' என்று பெயர்! இந்தக் குழப்பம் இன்று வரை தொடர்கிறது. அதனால் விளம்பரத்தில் உள்ள பெயரை மட்டும் நம்பாமல், வாசித்துக் காட்டும் வீடியோவைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஹோசூர் ரோடு மேம்பாலத்தில் சைரனோடு ஒரு ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். நெருங்கும்போது சைரனின் சுருதி ஏறிக் கேட்கும், கடந்ததும் இறங்கிவிடும். (சில்க் போர்டு சிக்னலில் மாட்டி நிற்கும் ஆம்புலன்ஸில் இது நடக்காது. வண்டி நகர வேண்டும்.) ஒலி நம்மை வந்தடைய எடுக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தால் சுருதி ஏறும், கூடிக்கொண்டே போனால் இறங்கும்.

பெடலும் இதைத்தான் செய்கிறது. கிட்டார் ஒலியைச் சில மில்லி விநாடிகள் தாமதப்படுத்துகிறது. பிறகு அந்தத் தாமதத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. ஸ்வரம் ஆட ஆரம்பிக்கும்.

இந்த ஆடும் ஒலி மட்டும் வெளியே வந்தால் அது வைப்ராட்டோ. ஆடும் ஒலியோடு அசல் ஒலியும் சேர்ந்து வந்தால் அது கோரஸ். அவ்ளோதான்.

கல்யாண வீட்டில் இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து ஒரே ராகத்தை வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். இருவரும் எவ்வளவு தேர்ந்தவர்களாக இருந்தாலும் நேரத்திலும் சுருதியிலும் நூலிழை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அந்த வித்தியாசம்தான் ஒலிக்கு ஒரு கனத்தைத் தருகிறது. ஒரே கிட்டாரில் அந்தக் கனத்தைக் கொண்டுவருவது கோரஸ். தனி வயலினில் விரலை அசைத்து ஒரு ஸ்வரத்தை நடுங்க வைப்பதற்கு நெருக்கமானது வைப்ராட்டோ.

ஆனால் இதைக் கமகம் என்று நினைத்துவிடக் கூடாது. கமகத்தில் எந்த ஸ்வரம், எவ்வளவு, எப்போது அசைய வேண்டும் என்பதை ராகமும் விரலும் தீர்மானிக்கின்றன. பெடலுக்கு ராகம் தெரியாது, எல்லா ஸ்வரத்தையும் ஒரே வேகத்தில் ஆட்டும்.

ஒரு சின்னக் கணக்கு

பெரும்பாலான பெடல்களில் இரண்டு குமிழ்கள் இருக்கும். 'ரேட்' என்பது ஆட்டத்தின் வேகம், 'டெப்த்' என்பது ஆட்டத்தின் அளவு. இரண்டும் தனித்தனி என்று தோன்றும். உண்மையில் ரேட்டைக் கூட்டினாலே ஸ்வரம் விலகும் அளவும் கூடும். குறைந்த நேரத்தில் அதே தூரம் போய்வர வேண்டும் என்பதால் அப்படி. (இதை ஈடுசெய்யும்படி வடிவமைத்த பெடல்களும் உண்டு.)

ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை 100 சென்ட் என்று அளப்பார்கள். தாமதம் நடுப்புள்ளியிலிருந்து 1 மில்லி விநாடி கூடி, 1 மில்லி விநாடி குறைகிறது என்று வைத்துக்கொண்டால்:

- விநாடிக்கு 0.5 முறை ஆடினால்: ஸ்வரம் அதிகபட்சம் சுமார் 5 சென்ட் விலகும்
- விநாடிக்கு 1 முறை: சுமார் 11 சென்ட்
- விநாடிக்கு 3 முறை: சுமார் 32 சென்ட்
- விநாடிக்கு 5 முறை: சுமார் 54 சென்ட்

5 சென்ட் என்பது இனிமையான கனம். 54 சென்ட் என்பது பாதி ஸ்வரஸ்தானம். பாடகர் ஒரு சுருதியில் நிற்க, கிட்டார் அதைச் சுற்றி அலைந்துகொண்டிருக்கும். "கோரஸ் போட்டாலே தலை சுத்துது" என்று பேண்டில் யாராவது சொன்னால், பல நேரங்களில் பெடலைக் குறை சொல்ல முடியாது. ரேட்டும் டெப்த்தும் சேர்ந்து ஏறியிருக்கும். ரேட்டைக் கூட்டும்போது டெப்த்தைக் குறைப்பது நல்ல பழக்கம்.

எங்கிருந்து வந்தது?

ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1975-ல் ஜேசி-120 ஜாஸ் கோரஸ் என்ற ஆம்பை வெளியிட்டது. அதில் இரண்டு ஸ்பீக்கர். கோரஸைப் போட்டால் ஒன்றில் அசல் ஒலி, இன்னொன்றில் ஆடும் ஒலி. இரண்டும் கலப்பது அறையின் காற்றில்தான். அந்த சர்க்யூட்டைத் தனியாக எடுத்து 1976-ல் பாஸ் பிராண்டில் வந்த சிஇ-1 தான் முதல் கோரஸ் பெடல். அதிலேயே கோரஸ், வைப்ராட்டோ இரண்டும் இருந்தன. ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும்.

1979-ல் சின்ன சைஸில் சிஇ-2 வந்தது. அதில் வைப்ராட்டோ இல்லை. 1982-ல் விபி-2 என்று வைப்ராட்டோவுக்கு மட்டும் தனி பெடல் வந்தது, நான்கே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒரே பெட்டியில் இருந்ததைப் பிரித்து இரண்டாக விற்ற கதை அங்கிருந்து தொடங்குகிறது.

பெங்களூருவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2011 அக்டோபர் 30 அன்று பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்த மெட்டாலிகாவை மக்கள் நினைவில் வைத்திருப்பது டிஸ்டார்ஷனுக்காக. ஆனால் அந்த பேண்டின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் தன் மென்மையான, க்ளீன் பகுதிகளுக்கு நம்பிய ஆம்ப்களில் ஒன்று இந்த ஜேசி-120. நிர்வாணாவின் 'கம் ஆஸ் யூ ஆர்' பாட்டில் (1991) தண்ணீருக்குள் இருந்து வருவது போலக் கேட்கும் கிட்டாருக்குக் காரணம், எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனியின் ஸ்மால் க்ளோன் கோரஸ்.

'யூனி-வைப்' வேறு ஜாதி. 1969 வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பயன்படுத்தியது அது. அதிலும் கோரஸ், வைப்ராட்டோ என்று சுவிட்ச் இருக்கும். ஆனால் அது தாமதத்தை வைத்து வேலை செய்வதில்லை. உள்ளே துடிக்கும் ஒரு பல்பும் ஒளி உணரிகளும் ஒலியின் ஃபேஸை மாற்றுகின்றன. கேட்க ஃபேஸர் போல இருக்கும். 'வைப்' என்று பெயர் இருக்கிறதே என்று வைப்ராட்டோவுக்காக வாங்கினால் ஏமாற்றமாக இருக்கலாம்.

அனலாகா, டிஜிட்டலா?

அனலாக் பெடலில் 'பக்கெட் பிரிகேட்' என்ற சிப் இருக்கும். 1969-ல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் உருவான யோசனை இது. தீயணைக்க வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றுவது போல, ஒலியை மின்னூட்டமாக ஒவ்வொரு படியாகக் கடத்துவார்கள். 1,024 படிகள் உள்ள சிப்பை 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்டினால் 5.12 மில்லி விநாடி தாமதம் கிடைக்கும். இப்படிக் கடத்தும்போது உச்ச ஒலிகள் கொஞ்சம் மழுங்கும். அதைத்தான் 'வார்ம்' என்று ரசிக்கிறார்கள். கூடவே லேசான இரைச்சலும் வரலாம்.

டிஜிட்டலில் ஒலி தெளிவாக இருக்கும், வசதிகளும் அதிகம். பேண்டோடு சேர்ந்து வாசிக்கும்போது இந்த வித்தியாசம் பலருக்குக் கேட்காது. முதல் பெடலுக்கு இதை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மோனோவா, ஸ்டீரியோவா?

இது நீங்கள் எங்கே வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல் என்பது இந்திய ஒலி மாசு விதிகளின் வரம்பு. பிஜியிலோ ஃபிளாட்டிலோ இருப்பவர்களுக்கு ராத்திரியில் ஹெட்போன்தான் வழி. ஹெட்போனில் ஸ்டீரியோ கோரஸ் அசத்தலாக இருக்கும். ஆனால் அதற்கு நீங்கள் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸோ ஆம்போ இரண்டு சேனலையும் வாங்க வேண்டும். ஒற்றை உள்ளீடு என்றால் ஸ்டீரியோவுக்குக் கொடுத்த கூடுதல் பணம் வீண்.

சர்ச்சிலும் சின்ன மேடைகளிலும் கிட்டாருக்குப் பெரும்பாலும் ஒரு சேனல்தான் கிடைக்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சில ஸ்டீரியோ பெடல்கள் ஒரு பக்கம் அசல் ஒலியையும் மறுபக்கம் ஆடும் ஒலியையும் அனுப்பும். இரண்டு கேபிளும் மாட்டியிருக்க, மிக்சரில் ஒன்றை மட்டும் திறந்தால், சபைக்குக் கேட்பது கோரஸாக இருக்காது. ஒன்று வெறும் கிட்டார், இல்லையென்றால் வைப்ராட்டோ. ஒற்றைச் சேனல் என்றால் மோனோ அவுட்புட்டில் மட்டும் கேபிளை மாட்டுங்கள்.

அடாப்டரில் கவனம்

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசியில் ஓடும், ஆனால் பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் வைஃபை ரவுட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, பலவும் 12 வோல்ட். மாட்டினால் பெடல் போய்விடக்கூடும். எஸ்.பி. ரோட்டில் அடாப்டர் வாங்கினாலும் வோல்ட், முனை, மில்லி ஆம்பியர் மூன்றையும் பார்த்து வாங்குங்கள். டிஜிட்டல் பெடல்களுக்கு மில்லி ஆம்பியர் அதிகம் தேவைப்படும். ஜப்பானிலிருந்து வரும் பழைய சிஇ-1 நேரடியாக 100 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. நம்ம ஊர் 230 வோல்ட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே கூடாது.

யாருக்கு எது?

- க்ளீன் கார்டுகள், ஆர்பெஜியோ, வர்ஷிப் பாடல்கள் மட்டும்: எளிய கோரஸ் போதும். பாஸ் சிஎச்-1, ஸ்மால் க்ளோன் மாதிரி. பட்ஜெட் குறைவென்றால் பெரிங்கர் யூசி200. அதன் பாடி பிளாஸ்டிக், மிதிக்கும்போது கவனம்.
- இரண்டும் வேண்டும்: பாஸ் சிஇ-2டபிள்யூ பெடலில் பழைய சிஇ-2 ஒலியும், சிஇ-1-ன் கோரஸ், வைப்ராட்டோவும் உண்டு. வால்ரஸ் ஆடியோவின் ஜூலியாவில் ஒரே குமிழ் அசல் ஒலியிலிருந்து கோரஸ் வழியாக வைப்ராட்டோ வரை போகும். இந்தக் கட்டுரையின் சாரமே அந்தக் குமிழ்தான்.
- பழைய டேப் இழுப்பது போன்ற லோ-ஃபை ஒலி: வைப்ராட்டோ பெடல். விபி-2 மாதிரி பெடல்களில் மிதித்திருக்கும்போது மட்டும் ஆடும் வசதி உண்டு. ஒரு வரியின் கடைசி ஸ்வரத்தை மட்டும் நடுங்க வைக்கலாம்.
- என்ன வேண்டும் என்றே தெரியவில்லை: ஜூம் எம்எஸ்-70சிடிஆர் போன்ற மல்டி-எஃபெக்ட். சில மாதம் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துவிட்டு, அடிக்கடி போடுவது எதுவோ அதற்குத் தனி பெடல் வாங்கலாம்.
- கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிப்பவர்கள்: தம்புரா சுருதியோடு கோரஸ் போட்டால் ஆடும் ஸ்வரம் சுருதியோடு உரசும். வாங்கும் முன் சுருதியைப் போட்டு வாசித்துப் பாருங்கள்.

கடையில் 10 நிமிட சோதனை

உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். முதலில் பெடல் இல்லாமல், பிறகு அணைத்த பெடலோடு வாசியுங்கள். ஒலி மங்கினால் யோசியுங்கள். போட்டதும் சத்தம் கூடுகிறதா, குறைகிறதா என்று பாருங்கள். சத்தம் கூடினாலே காதுக்கு 'நல்லா இருக்கு' என்று தோன்றும், அதில் ஏமாற வேண்டாம். எல்லாக் குமிழையும் பாதிக்குக் கீழே வைத்து ஒரு முழு பாட்டு வாசியுங்கள். பிறகு ஓவர்டிரைவைப் போட்டு, அதற்கு முன்னும் பின்னும் மாட்டிப் பாருங்கள். வழக்கமான இடம் ஓவர்டிரைவுக்குப் பின், டிலேவுக்கு முன்.

கடைசியாக, நீங்கள் வாசிக்கும் பாடல்களில் பத்தைப் பட்டியலிடுங்கள். எத்தனையில் கோரஸ் வேண்டும், எத்தனையில் வைப்ராட்டோ வேண்டும் என்று எண்ணுங்கள். வைப்ராட்டோ பூஜ்யம் என்றால் கூடுதல் சுவிட்சுக்குப் பணம் தர வேண்டாம். இரண்டும் பூஜ்யம் என்றால், அந்தப் பணத்தில் கிட்டாரை நன்றாக செட்டப் செய்து, ஒரு நல்ல ட்யூனரும் வாங்கிடலாம்.