குடியுரிமையும் மக்களுரிமையும்

உரிமையென்பது அரசு வழங்குங் கொடையோ, அரசுக்கு முன்னரே மக்கள்பால் உள்ளதோ என்னும் வினா நெடுங்காலமாக அறிஞரிடை நிகழ்வது. ஆங்கில அறிஞர் ஹாப்ஸ், 1651-இல் வெளியிட்ட லெவியாதன் என்னும் நூலில், சட்டமாவது இறைமையுடையோன் கட்டளையே என நிறுவினார். இக்கொள்கையின் பயனை இலங்கை மலைநாட்டுத் தமிழர் வரலாறு கொண்டு யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய ஜில்லாக்களினின்றும் நம்மவர் பலர் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூலிகளாகச் சென்றனர். அவர் வழிவந்தோர் 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்துத் தம் கட்சியினர் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டு இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தாரும் தம் தந்தை அங்குப் பிறந்தமையையோ, பாட்டன் பூட்டன் இருவரும் அங்குப் பிறந்தமையையோ காட்டுக என்றது. பதிவுச் சீட்டில்லாத ஏழைமக்கள் யாது காட்டுவர்! நாடற்றோராயினர், 1949-இல் வாக்குரிமையும் இழந்தனர். ஓரினத்தாரை வேறுபடுத்துஞ் சட்டம் செய்தலாகாது என அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு விலக்கியிருந்தும், குடிகள் யாவர் என வரையறுத்தல் சட்டசபைக்கு இயல்பே எனக் கொண்டு, லண்டன் பிரிவி கவுன்சில் 1953-இல் அச்சட்டங்களைச் செல்லுமெனத் தீர்த்தது.

எல்லார்க்கும் ஒரு நாட்டின் குடியாதற்கு உரிமையுண்டென ஐக்கிய நாடுகள் சபை பறைசாற்றியதும் அதே 1948, டிசம்பர் 10-ஆம் நாளிலேயாம். ஆயின் அச்சொல்லைச் செயலாக்கக் கையில்லை. 1964-இல் இந்திய இலங்கை அரசுகள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதிபாதியாக்கினர். தம்மைப் பற்றிய உடன்படிக்கையில் அம்மக்கள் ஒரு தரப்பினராகவும் இலர்! எஞ்சி நின்ற நாடற்றோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது.

தாமும் நாடிழந்து அலைந்த ஹன்னா அரெண்டு அம்மையார், உரிமைகளைப் பெறுதற்கே ஓர் உரிமை வேண்டுமென 1951-இல் எழுதினார். உண்மையே. இறைமையொன்றே உரிமைக்கு ஊற்றாயின், தந்தது பறித்தபோது முறையிட இடமின்று. தொழிற்சங்கங்கண்டு ஓயாது வாதாடிய தோட்டமக்களோ, பறிக்கப்பட்டதும் தமதே என்னுந் தெளிவால் நின்றனர்.

நம் சங்கமும் ஓர் எண்ணத்தைக் கைக்கொள்ளல் நலம். பதிவேட்டிற் பெயருள்ளாரை மட்டுமே நம்மவரென மதித்துப் பிறர் குறைக்குச் செவிசாயாதிருப்போமாயின், அச்சட்டஞ் செய்தாரினும் நாம் எவ்வாற்றான் உயர்ந்தோராவோம்?