தாடையைப் பிடித்திருந்த கை

அப்பாவின் குறட்டையை நான் மொபைலில் பதிவு செய்தது கேலிக்காகத்தான். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, கூடவே கும்பகர்ணன் படம் ஒன்றையும் ஒட்டி, சித்தப்பா பிள்ளைகளைச் சிரிக்க வைக்கலாம் என்று எண்ணம். காலையில் அனுப்புவதற்கு முன் ஹெட்போனில் கேட்டுப் பார்த்தேன். குறட்டை ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிட்டது. பதிவு அறுந்துவிட்டதோ என்று பார்த்தால், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மின்விசிறிச் சத்தம் மட்டும். 34 விநாடிகள். பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவர் போல ஒரு திணறல். மறுபடியும் குறட்டை. பத்து நிமிடப் பதிவில் இப்படி ஏழு இடங்கள்.

அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அவள் அதிரவே இல்லை. "இது ஒனக்கு இப்பதான் தெரியுமா? நாடியைப் புடிச்சு லேசா முன்னால இழுத்துவிட்டா மூச்சு வந்துரும். இருபது வருசமா நான் அப்படித்தான் செஞ்சிட்டிருக்கேன்" என்றாள். எங்கள் ஊர்ப்பக்கம் மோவாயை நாடி என்போம்.

ஒரு இரவு முழுக்க உடம்பில் வயர்களை ஒட்டிப் பரிசோதித்ததில், அப்பாவுக்கு மணிக்கு 27 தடவை மூச்சு தடைபடுகிறது என்று தெரிந்தது. ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. முப்பதைத் தொட்டால் தீவிரம். அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா. விழித்திருக்கும்போது தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகள் தூக்கத்தில் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் மென் அண்ணமும் பின்னால் சரிந்து காற்றின் வழியை மூடிவிடுகின்றன. நெஞ்சு மூச்சுக்காக ஏறி இறங்குகிறது, காற்று போகவில்லை. பத்து விநாடி அப்படி நின்றாலே அது கணக்கில் வரும். ஆக்சிஜன் குறைந்ததும் மூளை ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. ரத்த அழுத்தமும் பகல் தூக்கமும் மட்டும் மிஞ்சும்.

நாக்கின் முக்கியமான தசை கீழ்த்தாடை எலும்பின் உட்புறம், மோவாய்க்கு நேர் பின்னால் பிணைந்திருக்கிறது. தாடை முன்னால் வந்தால் நாக்கும் கூடவே வரும். அம்மா உடற்கூறியல் படித்தவள் இல்லை. அவள் கை கண்டுபிடித்ததை வேறு எந்தக் கை முதலில் கண்டுபிடித்தது என்று தேடிப் போனேன். அந்தத் தேடல் அறுவைச் சிகிச்சை மேசையில் போய் நின்றது.

1847-இல் எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோஃபார்மை மயக்க மருந்தாகப் பயன்படுத்தத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே, கால் நகம் ஒன்றை எடுப்பதற்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் இங்கிலாந்தில் இறந்துபோனாள். அதன்பின் குளோரோஃபார்ம் சாவுகள் தொடர்ந்தன. நின்றது இதயமா மூச்சா என்று சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. அந்தச் சண்டையில் நம்ம ஹைதராபாத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1888, 1889 என இரண்டு குளோரோஃபார்ம் கமிஷன்கள் அங்கே நடந்தன. எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் முன்நின்றார். நிஜாம் பணம் கொடுத்து லண்டனிலிருந்து லாடர் பிரண்டனை வரவழைத்தார். நூற்றுக்கணக்கான நாய்களுக்கும் குரங்குகளுக்கும் மயக்கம் கொடுத்துப் பார்த்து, முதலில் நிற்பது மூச்சுதான், ஆகவே நாடித்துடிப்பைப் பார்க்காதே, மூச்சைப் பார் என்று தீர்ப்புச் சொன்னார்கள். இதயத்தைப் பற்றி அவர்கள் சொன்னது தப்பு என்று 1911-இல் லெவி நிரூபித்துவிட்டார். ஆனால் மூச்சை விட்டுக் கண்ணை எடுக்காதே என்பது நல்ல அறிவுரைதான்.

மயங்கியவரின் நாக்கு தொண்டையில் விழுந்து அடைக்கும் என்பது அந்த மருத்துவர்களுக்குத் தெரியும். இடுக்கியால் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். 1874-இல் நார்வேக்காரரான யாகொப் ஹைபெர்க் அதைவிட எளிய வழியை எழுதினார். இரண்டு கைகளாலும் கீழ்த்தாடையின் கோணங்களைப் பிடித்து முன்னால் தள்ளுவது, அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்குள் ஜெர்மானிய ராணுவ அறுவை மருத்துவர் ஃப்ரீட்ரிக் ஃபொன் எஸ்மார்க் இதைத் தன் கையேட்டில் பரப்பினார். இன்றும் மயக்கவியல் மாணவர்கள் கற்கும் முதல் கைவேலைகளில் ஒன்று இது.

அதாவது, கீழ்த்தாடையை முன்னால் நகர்த்தினால் மூச்சு வழி திறக்கும் என்பது 1874-லேயே அச்சாகிவிட்டது. அதே வேலையைச் செய்யும் பல் கருவி ஒன்று, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவரின் வாய்க்கு வந்து சேர 1984 ஆயிற்று. இடையில் 110 வருடங்கள்! அம்மா கேட்டால் சிரிப்பாள்.

காரணம் எளிது என்று நினைக்கிறேன். மயங்கிக் கிடப்பவரை ஒரு மருத்துவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். தூங்குகிறவரை மனைவி மட்டும்தான் பார்க்கிறாள். அவள் சொன்னால் அது புலம்பல், குறட்டை ஒரு ஜோக். டிக்கன்ஸ் 1836-37-இல் தொடராக எழுதிய பிக்விக் பேப்பர்ஸில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருவான். நின்றபடியே தூங்கிவிடுவான். வாசகர்கள் சிரித்தார்கள். 1956-இல் அமெரிக்க மருத்துவர் பர்வெல்லும் சகாக்களும் அவன் பெயரால் ஒரு நோயையே பதிவு செய்தார்கள்: பிக்விக்கியன் சின்ட்ரோம். அவர்களுடைய நோயாளி ஒரு நிறுவன அதிகாரி. போக்கர் ஆட்டத்தில் மூன்று ஏஸ், இரண்டு கிங் கையில் வந்து சேர்ந்த நேரத்தில் தூங்கிப்போய், ஜெயித்திருக்க வேண்டிய சீட்டைக் கோட்டை விட்டதால்தான் மருத்துவமனைக்கே வந்தார். அவர் எடை, ரத்தம், கரியமில வாயு எல்லாவற்றையும் அளந்தார்கள். இரவில் அவர் எப்படித் தூங்குகிறார் என்று மட்டும் யாரும் அளக்கவில்லை.

அதைச் செய்தது ஐரோப்பா. 1965-இல் மார்செய்யில் காஸ்தோ குழுவினரும், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் யுங், கூலோ இருவரும் தனித்தனியாக இத்தகைய நோயாளிகளின் மூளை அலையோடு சேர்த்து மூச்சையும் இரவில் பதிவு செய்தார்கள். மூச்சு நிற்பதும், விழிப்பதும், மறுபடி நிற்பதும் காகிதச் சுருளில் வரிசையாக வந்தன. 1969-இல் கூலோ அதற்கு ஒரு சிகிச்சையையும் எழுதினார். அடைப்பு தொண்டையில் என்றால் அதற்குக் கீழே கழுத்தில் ஒரு துளை போட்டுவிடுவது. பகலில் மூடி, இரவில் திறந்துகொள்ளலாம். அபாரமாக வேலை செய்தது. ஆனால் கழுத்தில் துளையோடு யார் வாழ விரும்புவார்கள்? அடுத்த பத்து வருடம் தீவிர நோயாளிகளுக்கு உறுதியான சிகிச்சை என்று இருந்தது அதுதான்.

1980 ஜூனில் சிட்னியில், அந்தத் துளை தேவை என்று சொல்லப்பட்ட கட்டடத் தொழிலாளி ஒருவர், அதற்கு முன் வேறொன்றை முயன்று பார்க்கச் சம்மதித்தார். கொலின் சல்லிவன் என்ற மருத்துவர் வேக்குவம் கிளீனர் மோட்டார் மாதிரியான ஒன்றைத் திருப்பி வைத்து, மூக்கின் வழியாகக் காற்றைத் தள்ளினார். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட, ஒரு கட்டத்தில் அடைப்பு மறைந்து அந்த மனிதர் ஆழ்ந்து தூங்கினார். காற்றையே முட்டுக்கொடுக்கும் தூண் ஆக்குவதுதான் யோசனை. 1981 ஏப்ரலில் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு லான்செட்டில் கட்டுரை வந்தது. தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் மட்டத்துக்குச் சமம், ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் அந்த ஆழத்துக்கு விட்டு ஊதுகிற அளவு. ஆரம்ப காலத்தில் ஒவ்வொருவர் மூக்குக்கும் தனி அச்சு எடுத்து, இரவுதோறும் பசை போட்டு ஒட்டிக்கொண்டார்கள். இதுதான் சீபேப். இன்றுவரை மூச்சடைப்பை இதைப்போலக் குறைக்கும் எளிய கருவி வேறில்லை.

போட்டுக்கொண்டால்தான். அப்பா பதினொரு நாள் போட்டார். பன்னிரண்டாம் நாள் காலையில் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. "ஐ.சி.யூ.ல படுத்திருக்க மாதிரி இருக்குடா" என்றார். அவர் மட்டும் அப்படி இல்லை. 2016-இல் வெளியான சேவ் என்ற பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய, மூளை ரத்தக்குழாய் நோய் இருந்த 2,717 பேர் கலந்துகொண்டார்கள், இந்தியர்களும் உண்டு. சீபேப் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக ஓர் இரவில் 3.3 மணி நேரம்தான் அதை மாட்டியிருந்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன.

இனிதான் பல் மருத்துவர்கள் வருகிறார்கள், நியாயமாக முன்பே வந்திருக்க வேண்டியவர்கள். பிரான்சின் பியர் ரொபேன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தாடையை முன்னால் நிறுத்தும் மோனோபிளாக் என்ற கருவியைச் செய்திருந்தார். சின்னத் தாடையோடு பிறந்த குழந்தைகளின் நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைப்பதை 1923-இல் எழுதினார். அந்தக் குறைபாடு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. குழந்தைக்குத் தெரிந்த விஷயம் பெரியவர்களின் படுக்கைக்கு வரவில்லை. 1982-இல் சிகாகோவின் ரோசலிண்ட் கார்ட்ரைட் (கனவு ஆய்வாளராகத்தான் அவர் புகழ்பெற்றவர்) சார்ல்ஸ் சாமெல்சனோடு சேர்ந்து, நாக்கையே ஒரு ரப்பர் குமிழில் உறிஞ்சிப் பிடித்து வைக்கும் கருவியைச் சோதித்து எழுதினார். 1984-இல் ஜெர்மனியின் மையர்-ஏவர்ட் குழுவினர் மேல், கீழ்ப் பல் வரிசைகளைக் கவ்விக்கொண்டு தாடையை முன்னால் நிறுத்தும் தகட்டை மூச்சுத் தடைக்குப் பயன்படுத்தினார்கள். அதற்கு வைத்த பெயர்: எஸ்மார்க் தகடு. அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. அறுவை மேசையில் ஒருவர் விழித்திருந்து செய்த வேலையைப் பிளாஸ்டிக்கிடம் ஒப்படைத்தவர்கள், அது யாருடைய கை என்பதை மறக்கவில்லை.

தொண்டையின் உபரித் திசுவை வெட்டும் அறுவை, இரு தாடை எலும்புகளையும் அறுத்து முன்னகர்த்தும் அறுவை, 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நாக்கு நரம்புத் தூண்டி, 2024 டிசம்பரில் பருமனானவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட டிர்செபடைட் ஊசி என்று வேறு வழிகளும் உண்டு. எங்கள் வீட்டுக்கு அவை வரவில்லை என்பதால் கடந்துபோகிறேன்.

தகடு சீபேப்புக்குச் சமமா? ஒரே இரவில் அளந்தால் இல்லை, காற்றுதான் அதிகம் குறைக்கிறது. ஆனால் 2013-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களே இரண்டையும் ஒரு மாதம் ஒப்பிட்டார்கள். தகட்டை ஆட்கள் அதிக நேரம் மாட்டியிருந்ததால், ரத்த அழுத்தத்திலும் பகல் தூக்கத்திலும் விளைவு ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. குறைகளும் உண்டு. எச்சில் ஊறும், காலையில் தாடை வலிக்கும், வருடக்கணக்கில் போட்டால் கடிக்கும் அமைப்பே மெல்ல மாறும். பிடித்துக்கொள்ளப் போதுமான, ஆட்டமில்லாத பற்கள் வேண்டும். தீவிர நிலையில் முதலில் சீபேப்பைத்தான் சொல்வார்கள். அமேசானில் கிடைக்கும், வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதித்துக்கொள்கிற ரகத்தை நான் வாங்கப் போனேன். பல் டாக்டர் திட்டினார், சரியாகத்தான் திட்டினார்.

அவர் அப்பாவின் பற்களுக்கு அச்சு எடுத்து, இருபக்கமும் சின்னத் திருகு வைத்த தகடு செய்து கொடுத்தார். தாடையை எவ்வளவு முன்னால் நீட்ட முடியுமோ அதில் பாதியில் ஆரம்பித்து, சில நாளுக்கொரு முறை கால் மில்லிமீட்டர் திருக வேண்டும். எப்போது நிறுத்துவது என்று கேட்டோம். டாக்டர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. "அம்மா, நீங்கதான் சொல்லணும். சத்தம் நின்னுச்சா, நடுவுல மூச்சு நின்னுச்சான்னு எழுதி வைங்க" என்றார். மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள். ஆறாவது வாரத்தில் 'இல்லை' என்று வந்தது. சத்தம் போனால் மட்டும் போதாது என்பதால், தகட்டோடு மறுபடி ஓர் இரவுப் பரிசோதனை. 27 என்பது 8 ஆகியிருந்தது.

அந்த அறையில் டாக்டர் போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டார். "நீங்க எப்படிம்மா தூங்குறீங்க?" அம்மா பதில் சொல்லாமல் சிரித்தாள். இது குண்டு ஆண்களின் நோய் என்றுதான் மருத்துவமும் நெடுங்காலம் நினைத்திருந்தது. 1993-இல் விஸ்கான்சினில் 30 முதல் 60 வயது வரையிலான அரசு ஊழியர்களைத் தூங்கவைத்துப் பார்த்தபோது, ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் பெண்களில் 9 சதவீதம் பேருக்கும் மணிக்கு ஐந்துக்கு மேல் மூச்சுத் தடை இருந்தது. பெண்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் காட்டியதில்லை. அம்மா குறட்டை விடுவாளா என்று அப்பாவிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்து, "தெரியலையேப்பா" என்றார்.

போன வாரம் மொபைலை அம்மா பக்கத்துத் தலையணையில் வைத்தேன். "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்று தள்ளிவிட்டாள், மறுபடி வைத்தேன். காலையில் கேட்டதில் நான்கு இடங்கள், நீளமானது 19 விநாடி. வெள்ளிக்கிழமை அவளுக்கும் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறோம்.