நைஸா அரைச்ச மாவு

சின்ன வயசில் அரிசி வாளியைக் கையில் கொடுத்து அப்பத்தா சொல்லி அனுப்பும்: "இடியாப்பத்துக்குன்னு சொல்லுய்யா. நல்லா நைஸா அரைக்கணும்." பள்ளிக்கூடமே போகாத அப்பத்தா. அது ஆங்கிலச் சொல் என்றுகூட அதற்குத் தெரியாது.

பல வருஷம் கழித்து, முதல் வேலையில், ஒரு மாவு பாக்கெட்டுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதச் சொன்னார்கள். 'நைஸ் பவுடர்' என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் சத்தமாக வாசித்தார். "பவுடர் எப்படிப்பா நைஸா இருக்கும்? நல்லா பழகுமா?" அறையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ராத்திரி அகராதியைத் திறந்தேன்.

'நைஸ்' பிறக்கும்போது நல்ல வார்த்தை இல்லை. லத்தீனில் 'நெஸ்கியுஸ்', அதாவது அறியாதவன். 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கீரே' என்றால் அறிதல். 'சயின்ஸ்' வந்ததும் அதே ஸ்கீரேயிலிருந்துதான். பழைய பிரெஞ்சு வழியாக, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, ஒருவனை நைஸ் என்றால் முட்டாள் என்று பொருள். பிறகு அது மெல்ல நகர்ந்தது. கூச்சம், எதிலும் குறை பார்க்கிற குணம் என்று போய், 16ஆம் நூற்றாண்டில் நுட்பம், துல்லியம் என்றானது. 'இனிமையான' என்கிற இன்றைய பொருள் பரவியது 18ஆம் நூற்றாண்டில்தான். வந்ததும் பார்க்கிற எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. ஜேன் ஆஸ்டின் இறந்த சில மாதங்களில், 1817 கடைசியில் வெளியான 'நார்த்தேங்கர் அபி' நாவலில், ஹென்றி டில்னி இதைத்தான் கிண்டலடிக்கிறான். ஒரு நாவலை நைஸ் என்று புகழ்ந்த கேத்தரினை, பழைய பொருளில் எடுத்துக்கொண்டு சீண்டுகிறான்.

பழைய பொருள் இன்னும் சாகவில்லை. ஆங்கிலத்தில் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நல்ல வித்தியாசம் இல்லை, நுணுக்கமான வித்தியாசம்.

நுணுக்கம்! தமிழில் நுணுக்குவது என்றால் பொடியாக்குவதும்தானே? நம் மொழியிலும் மாவும் மதியும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. 'நைஸா நழுவிட்டான்' என்கிறோமே, அதிலும் யாருக்கும் தெரியாமல் செய்கிற ஒரு நுணுக்கம் இருக்கிறது.

அப்பத்தாவின் மாவுக்கும் லண்டனின் நைஸுக்கும் நான் வம்சாவளி கட்டவில்லை. ஆனால் ஒரு சொல்லுக்குச் சரியான பொருள் ஒன்றே ஒன்று என்று சொல்கிறவர்களைக் கண்டு இப்போது பயமில்லை. முட்டாளில் தொடங்கி இனியவனில் முடிந்த சொல்லே அதற்குச் சாட்சி.

ஒன்றுதான் உறுத்துகிறது. அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேனே, அது அப்பத்தாவின் பேச்சைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.