புகைக்குழாய்க்குள் ஒரு தேன்கூடு

எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே, காரின் அடியில் ஓர் எஃகு உருளை இருக்கும். அதை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு செராமிக் கட்டி. தேன்கூடு போல, ஒரு சதுர அங்குலத்துக்கு நூற்றுக்கணக்கான நுண்துளைகள். அந்தத் துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். இதுதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். இதைக் கண்டுபிடித்தது அறிவியல். காருக்குள் கொண்டுவந்து பொருத்தியது ஒரு மாநிலத்தின் பிடிவாதம்.

1943 ஜூலையில் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸைப் புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கமறியது. அதற்கான காரணத்தை 1950களின் தொடக்கத்தில் விளக்கியவர், அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த கால்டெக் பல்கலைக்கழக வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். கார்களும் எண்ணெய் ஆலைகளும் கக்கும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன என்று அவர் காட்டினார்.

அதே காலத்தில், அமெரிக்காவில் குடியேறிய பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி, புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிக் கருவியை உருவாக்கிவிட்டார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் படிந்தால் வினையூக்கி செயலிழந்துவிடும். ஈயத்தை நீக்கு என்று சொல்லச் சட்டம் இல்லாததால் கருவி முடங்கிக் கிடந்தது. 1962இல் ஹூட்ரி காலமானபோதும் அது கார்களுக்கு வந்து சேரவில்லை.

1966 மாடல் கார்களுக்குக் கலிபோர்னியா புகைக்கட்டுப்பாடு விதித்தது; அமெரிக்காவில் அதுவே முதல்முறை. 1967இல் மாநிலக் காற்றுவள வாரியம் உருவானது. ஹாகன்-ஸ்மிட் அதன் முதல் தலைவரானார். நாட்டின் விதியைவிடக் கடுமையான விதி வகுத்துக்கொள்ளும் தனி உரிமையையும் கலிபோர்னியா பெற்றது. 1977 முதல் மற்ற மாநிலங்களும் அந்த விதிகளை அப்படியே ஏற்கலாம் என்றானது.

1970இன் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், 1975 மாடல் கார்களின் ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. முடியாது என்றன கார் நிறுவனங்கள். 1973இல் ஓராண்டு அவகாசம் கிடைத்தது. ஆனால் கலிபோர்னியாவுக்கு மட்டும் இடைக்கால வரம்பு கூடுதல் கண்டிப்போடு இருந்தது. கன்வெர்ட்டர் இல்லாமல் அங்கே கார் விற்பது கடினம் என்றானது. 1975இல் அமெரிக்காவின் பெரும்பாலான புதிய கார்களில் அது இடம்பிடித்தது. அதற்காகவே பெட்ரோல் பங்க்குகளில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. ஈய பெட்ரோல் குழாய் நுழையாதபடி புதிய கார்களின் பெட்ரோல் வாயைக் குறுக்கினார்கள்.

அடுத்த பாய்ச்சலும் கலிபோர்னியாவுக்காகத்தான் நிகழ்ந்தது. 1977 மாடல் வோல்வோ கார்களில், ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்று நச்சுகளையும் ஒருசேரக் குறைக்கும் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் அங்கே அறிமுகமாயின. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் தவறினால் இந்தக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யாது. அந்தத் துல்லியம் கார்புரேட்டருக்குக் கைவரவில்லை. அதன் இடத்தைக் கணினி இயக்கும் எரிபொருள் இன்ஜெக்டர் பிடித்தது. குளிர்ந்த கன்வெர்ட்டரும் பயன்படாது. சில நூறு டிகிரி சூடேற வேண்டும். எனவே வரம்பு இறுக இறுக, அதை எஞ்சினுக்கு ஒட்டியே நகர்த்தினார்கள். பழுதைக் காட்டும் ‘செக் எஞ்சின்’ விளக்கும் இந்த விதிகளோடுதான் பரவலானது.

1995 ஏப்ரலில் இந்தப் பயணம் நம் ஊருக்கும் வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னையில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லா பெட்ரோலும் உடன் வந்தது.

2035 முதல் பெட்ரோலில் மட்டும் ஓடும் புதுக்காரை விற்கக் கூடாது என்ற கலிபோர்னியாவின் விதிக்குக் கொடுத்திருந்த அனுமதியை 2025இல் அமெரிக்க மத்திய அரசு ரத்து செய்தது. அதை எதிர்த்து மாநிலம் நீதிமன்றம் போனது. விதி கடுமையானால் கார் விலை கூடும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் ஹூட்ரியின் கருவி முடங்கிக் கிடந்த ஆண்டுகளின் விலையைக் குழந்தைகளின் நுரையீரல்கள் கொடுத்தன. நல்ல கருவி கையில் இருந்தும் அதைப் பொருத்த யாரும் முன்வராதபோது, ஒரு மாநிலமாவது முன்வந்து கட்டாயப்படுத்த வேண்டும். அந்த உரிமை காக்கப்பட வேண்டிய உரிமை.