சோஹோ: யாருக்கும் வேண்டாத இடம் எல்லோருக்கும் வேண்டிய இடமான கதை

உலகில் அவசியம் சுற்றிப் பார்க்க வேண்டிய நகரப் பகுதிகள் என்று யாராவது பட்டியல் போட்டால், அதில் நியூயார்க்கின் சோஹோவுக்குப் பெரும்பாலும் ஓர் இடம் இருக்கும். தூண்கள் வைத்த பழைய கட்டடங்கள், அவற்றின் முகப்பில் தொங்கும் இரும்புப் படிக்கட்டுகள், கல் பாவிய தெருக்கள், பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள், அவற்றுக்குப் பின்னால் விலையைப் பார்த்தாலே மயக்கம் வரவைக்கும் துணிக்கடைகள்!

ஆனால் 1950களில் இதே இடத்துக்கு நியூயார்க் தீயணைப்புத் துறையினர் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? 'நரகத்தின் நூறு ஏக்கர்'. யாருமே போக விரும்பாத ஓர் இடம், சில பத்தாண்டுகளில் சாதாரண மனிதர்கள் குடியிருக்கவே முடியாத அளவுக்கு விலை ஏறியது எப்படி? அதனால் லாபம் அடைந்தது யார்? சோஹோவின் வரலாறு இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறது.

முதலில் பெயர். லண்டனிலும் ஒரு சோஹோ உண்டு, அது பல நூற்றாண்டுப் பழமையானது. நியூயார்க் சோஹோ வேறு. 'ஹவ்ஸ்டன் தெருவுக்குத் தெற்கே' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அது. (டெக்சாஸில் இருப்பது ஹூஸ்டன். நியூயார்க்கில் அதே எழுத்துகளை ஹவ்ஸ்டன் என்றுதான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்!) வடக்கே ஹவ்ஸ்டன் தெரு, தெற்கே கெனால் தெரு. இரண்டுக்கும் இடையில் இருக்கும் சிறிய பகுதிதான் சோஹோ.

இரும்பில் வார்த்த முகப்புகள்

1850களில் பிராட்வே சாலையின் இந்தப் பகுதி பணக்காரர்கள் பொருள் வாங்க வரும் இடமாக இருந்தது. பிராட்வேயும் புரூம் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கும் ஹாவவுட் கட்டடம் அதற்கு ஒரு சாட்சி. பீங்கான், கண்ணாடிப் பாத்திரங்கள், சரவிளக்குகள் விற்ற கடை அது. பயணிகளுக்கான உலகின் முதல் வணிக லிஃப்டை எலிஷா ஓடிஸ் பொருத்தியது இந்த ஐந்து மாடிக் கட்டடத்தில்தான். ஆண்டு 1857. நீராவியால் இயங்கிய லிஃப்ட் அது.

இந்தக் கட்டடத்தின் முகப்பு பார்ப்பதற்குச் செதுக்கிய கல் போலத் தெரியும். உண்மையில் அது வார்ப்பிரும்பு. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி, தூண்களையும் வளைவுகளையும் பட்டறையிலேயே தயாரித்துவிடுவார்கள். கட்டட உரிமையாளர் பட்டியலைப் பார்த்து தனக்குப் பிடித்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பாகங்கள் வந்ததும் போல்ட் போட்டு இணைத்து, கல் நிறத்தில் வர்ணம் பூசினால் வேலை முடிந்தது. கல்லைச் செதுக்குவதைவிடச் செலவும் குறைவு, நேரமும் குறைவு. மெல்லிய இரும்புத் தூணே பாரத்தைத் தாங்கியதால் ஜன்னல்களைப் பெரிதாக வைக்க முடிந்தது. மின்விளக்கு இல்லாத காலத்தில் பகல் வெளிச்சம் உள்ளே வருவது எவ்வளவு பெரிய லாபம்!

பின்னாளில் ஹோட்டல்களும் நாடக அரங்குகளும் வடக்கே நகர்ந்துவிட, இந்த இடத்தைத் துணி மொத்த வியாபாரிகளும் தொழிற்சாலைகளும் நிரப்பின. உயரமான கூரை, குறுக்குச் சுவர் அதிகம் இல்லாத நீண்ட கூடங்கள், சரக்கு லிஃப்ட் எல்லாம் அவர்களுக்காக அமைந்தவை. இந்த வசதிகள் நூறு ஆண்டுகள் கழித்து வேறு ஒரு கூட்டத்துக்குப் பயன்படும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நரகத்தின் நூறு ஏக்கர்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. துணி ஆலைகள் கூலி குறைவாக இருந்த தென் மாநிலங்களுக்குப் போய்விட்டன. லாரிகள் நேராக உள்ளே வந்து சரக்கு ஏற்றக்கூடிய ஒரே தளத் தொழிற்சாலைகள் புறநகர்களில் வந்தன. குறுகிய தெருவில் ஐந்தாவது மாடியில் இயந்திரத்தை வைத்துக்கொண்டு போட்டி போட முடியுமா? பெரிய நிறுவனங்கள் காலி செய்தன. பழைய துணி, காகிதக் கழிவு சேர்த்து வைக்கும் கிடங்குகளும், சிறிய தையல் கூடங்களும், அட்டைப்பெட்டி செய்பவர்களும் மிஞ்சினார்கள். எளிதில் தீப்பற்றும் பொருட்கள் குவிந்து கிடந்ததால் அடிக்கடி தீ விபத்து, உயிர்ச்சேதம். நரகம் என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, நகரத் திட்டக்குழு செஸ்டர் ராப்கின் என்ற அறிஞரிடம் ஆய்வுப் பொறுப்பைக் கொடுத்தது. 1963-ல் வந்த அவரது அறிக்கை பலருக்கும் ஆச்சரியம் அளித்தது. வெளியே அழுக்காகத் தெரிந்த அந்தக் கட்டடங்களுக்குள் நூற்றுக்கணக்கான சிறு தொழில்கள் நடந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். அவர்களில் பலர் கறுப்பினத்தவர்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும். இங்கே வேலை போனால் வேறு இடத்தில் கிடைப்பது கடினம். எனவே இடிக்க வேண்டாம் என்றார் ராப்கின்.

பத்து வழிச் சாலை

இடிக்கும் ஆபத்து அதோடு தீரவில்லை. ஹாலண்ட் சுரங்கப்பாதையிலிருந்து மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கப் பாலங்களுக்கு, புரூம் தெருவின் மேலாகப் பத்து வழி விரைவுச் சாலை அமைப்பது ராபர்ட் மோசஸின் பழைய திட்டம். எந்தத் தேர்தலிலும் வெற்றி பெறாமலே, பல பதவிகளைக் கையில் வைத்துக்கொண்டு நியூயார்க்கின் பாலங்களையும் சாலைகளையும் பல பத்தாண்டுகள் தீர்மானித்தவர் அவர். இந்தச் சாலை வந்திருந்தால் சுமார் 2,000 குடும்பங்களும் 800 வணிக நிறுவனங்களும் இடம் பெயர வேண்டியிருக்கும். ஹாவவுட் கட்டடமும் அந்தப் பாதையில்தான் நின்றது.

எதிர்ப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் புரூம் தெரு தேவாலயத்தின் பாதிரியார். அவர் உதவி கேட்டுப் போனது பக்கத்துப் பகுதியில் வசித்த ஜேன் ஜேக்கப்ஸ் என்ற எழுத்தாளரிடம். நகரங்கள் எப்படி உயிரோடு இருக்கின்றன என்பதைப் பற்றி 1961-ல் அவர் எழுதிய புத்தகம் புகழ்பெற்றது. புதிய முயற்சிகளுக்கு வாடகை குறைந்த பழைய கட்டடங்கள் அவசியம் என்பது அவருடைய முக்கியமான வாதங்களில் ஒன்று. 1962-ல் திட்டம் நிராகரிக்கப்பட்டது. பிறகு மீண்டும் உயிர் பெற்றது. 1968 ஏப்ரலில் நடந்த பொது விசாரணைக் கூட்டத்தில் மேடை ஏறி எதிர்ப்புத் தெரிவித்ததற்காக ஜேக்கப்ஸ் கைது செய்யப்பட்டார். கடைசியாக 1969-ல் திட்டம் கைவிடப்பட்டது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 'எப்படியும் சாலை வந்துவிடும், இடித்துவிடுவார்கள்' என்ற எண்ணத்தில் கட்டட உரிமையாளர்கள் பழுது பார்க்கக்கூடப் பணம் போடவில்லை. கிடைத்த வாடகைக்கு விட்டார்கள். அதாவது சோஹோவை அழிக்க வந்த திட்டமே அதன் வாடகையைக் குறைவாக வைத்திருந்தது!

படுக்கையை மறைத்து வைத்த ஓவியர்கள்

அந்தக் குறைந்த வாடகையைத் தேடி வந்தவர்கள் கலைஞர்கள். அன்றைய ஓவியங்களும் சிற்பங்களும் அளவில் மிகப் பெரியவை. சாதாரண வீட்டு அறைக்குள் அவற்றைச் செய்ய முடியாது. தொழிற்சாலைக் கூடமும் பெரிய ஜன்னலும் சரக்கு லிஃப்டும் அவர்களுக்குச் சரியாகப் பொருந்தின.

ஆனால் சட்டப்படி அது தொழிற்பகுதி. அங்கே குடியிருக்கக் கூடாது. இரவில் கட்டடத்தின் வெப்பமூட்டி நின்றுவிடும். பல இடங்களில் குளியலறை, சமையலறை கிடையாது. ஆய்வாளர் வந்தால் படுக்கையை மறைத்துவிட்டு, 'இது வேலை செய்யும் இடம் மட்டும்தான்' என்று சொல்ல வேண்டும். கலைஞர்கள் போராடிய பிறகு 1961-ல் நகர நிர்வாகம் ஓரளவு இறங்கி வந்தது. 'ஏ.ஐ.ஆர்.' என்ற எழுத்துகளோடு மாடி எண்ணும் எழுதிய பலகையை வாசலில் மாட்ட வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. எதற்கு? தீப்பிடித்தால் மேலே ஆள் இருக்கிறார் என்று தீயணைப்பு வீரர்களுக்குத் தெரிவதற்கு!

வாடகைக்கு இருந்தால் என்றைக்காவது வெளியேற்றப்படுவோம் என்பதை முன்கூட்டியே உணர்ந்தவர் ஜார்ஜ் மசியூனஸ். லித்துவேனியாவில் பிறந்த இவர் 1967-ல் வூஸ்டர் தெரு 80-ஆம் எண் கட்டடத்தை ஒரு கூட்டுறவு அமைப்பாக வாங்கினார். கலைஞர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பங்குதாரர்கள் ஆனார்கள். இதே முறையில் பத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் கலைஞர்களின் கைக்கு வந்தன. 1968-ல் சிற்பி டொனால்ட் ஜட், ஸ்பிரிங் தெரு 101-ஆம் எண் கட்டடத்தை 68,000 டாலருக்கு வாங்கினார். ஒரு மாடியை அல்ல, ஐந்து மாடிகளையும்!

அதே 1968-ல் பாலா கூப்பர் தன் கலைக்கூடத்தைத் திறந்தார். முதல் கண்காட்சியே வியட்நாம் போரை எதிர்ப்பவர்களுக்கு நிதி திரட்டத்தான். 1971-ல் லியோ காஸ்டெல்லி போன்ற பெரிய கலை வணிகர்கள் வெஸ்ட் பிராட்வே 420-ஆம் எண்ணுக்கு வந்தார்கள். அதே ஆண்டு கலைஞர்களே சேர்ந்து 'ஃபுட்' என்ற உணவகத்தைத் தொடங்கினார்கள். நகரக் கலாசாரத் துறையிடம் சான்றிதழ் பெற்ற கலைஞர்கள் இங்கே குடியிருக்கலாம் என்று சட்டம் மாறியதும் 1971-ல்தான். 1973-ல் சுமார் 500 கட்டடங்கள் கொண்ட பகுதி பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நற்பெயர் யார் கணக்கில்?

கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது. ஆனால் ஒரு கடைக்குக் கூட்டம் வருவதற்கு அதுவே காரணம். இதில் ஒரு சுவாரசியமான விதி இருக்கிறது. ஒரு நிறுவனம் தானே உழைத்து உருவாக்கிய நற்பெயரை ஏட்டில் சொத்தாகக் காட்ட முடியாது. இன்னொருவர் விலை கொடுத்து வாங்கும்போதுதான் அது ஏட்டில் ஏறும்.

சோஹோவில் நடந்தது கிட்டத்தட்ட இதேதான். குளிரில் நடுங்கிக்கொண்டு, குழாய் போட்டு, தரையைச் சுரண்டி, தெருவுக்கு ஒரு பெயரை உண்டாக்கியவர்கள் கலைஞர்கள். அந்த நற்பெயர் அவர்களுடைய எந்த ஏட்டிலும் இல்லை. கட்டடம் கைமாறியபோது அது விலையாக மாறி உரிமையாளரின் பைக்குப் போனது. 1970களின் நடுவிலேயே பத்திரிகைகள் சோஹோ வீடுகளைப் படம் பிடித்துப் போட ஆரம்பித்தன. சான்றிதழ் இல்லாத வசதி படைத்தவர்கள் குடியேறினார்கள். குத்தகை முடிந்ததும் வாடகை பல மடங்கு ஏறியது. 1982-ல் வந்த சட்டம் இப்படிப்பட்ட கட்டடங்களில் இருந்த வாடகைதாரர்கள் பலருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. ஆனால் எல்லோரையும் அது காப்பாற்றவில்லை.

1990களில் கலைக்கூடங்களே செல்சீ பகுதிக்குக் கிளம்பின. முதலில் வந்த பாலா கூப்பரும் 1996-ல் போனார். பிராட்வேயில் 1992-ல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகக் கிளை 2001-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் திறந்தது பிராடா கடை! 2002-ல் பிரின்ஸ் தெருவின் பழைய தபால் நிலையம் ஆப்பிள் கடையானது.

கலைஞர்களை மட்டும் பாவப்பட்டவர்களாகக் காட்டினால் அது பாதி உண்மைதான். அவர்கள் குடியேறிய கூடங்களில் அதற்கு முன் தையல் இயந்திரங்கள் ஓடின. கூடத்தை வீடாக விடுவதில் அதிக லாபம் என்று தெரிந்ததும் சிறு தொழில்களின் குத்தகைகள் புதுப்பிக்கப்படவில்லை. ராப்கின் கவலைப்பட்ட அந்தத் தொழிலாளர்களும் போனார்கள். அவர்களுக்கு வாசலில் பலகையும் இல்லை, பாதுகாக்கச் சட்டமும் இல்லை. சமூகவியலாளர் ஷாரன் சூகின் 1982-லேயே தன் புத்தகத்தில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

தங்கியவர்கள் யார்? பெரும்பாலும் சொந்தமாக வாங்கியவர்கள். கூட்டுறவில் பங்கு வாங்கிய பலர் முதுமை வரை அங்கேயே வாழ்ந்தார்கள். ஜட் 1994-ல் இறந்த பிறகும் அவர் கட்டடம் விற்கப்படவில்லை. 2013 முதல் பொதுமக்கள் முன்பதிவு செய்து பார்க்கலாம். திறமையைவிடப் பத்திரம்தான் காப்பாற்றியது என்பது கசப்பான உண்மை. 2021 டிசம்பரில் நியூயார்க் நகர மன்றம் சோஹோவின் நில விதிகளை மாற்றி, குறைந்த விலை வீடுகள் உட்படப் புதிய குடியிருப்புகளுக்கு வழி திறந்தது. அதற்கும் ஆதரவு, எதிர்ப்பு இரண்டும் இருந்தன.

மண் நிறைந்த ஓர் அறை

சோஹோவுக்குப் போகிறவர்கள் கடைகளோடு திரும்பிவிட வேண்டாம். வூஸ்டர் தெரு 141-ஆம் எண்ணில் மாடி ஏறிப் பார்க்க வேண்டும். வால்டர் டி மரியா என்ற கலைஞர் 1977-ல் உருவாக்கிய 'நியூயார்க் மண் அறை' அங்கே இருக்கிறது. 3,600 சதுர அடிக் கூடம் முழுக்க 22 அங்குல உயரத்துக்குக் கறுப்பு மண். எடை 2,80,000 பவுண்டு. அதாவது சுமார் 127 டன்! பராமரிப்பவர் அதற்குத் தண்ணீர் தெளித்து, கிளறிச் சமப்படுத்தி, முளைப்பதைப் பிடுங்கிவிடுகிறார். 1980 முதல் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும் இந்த அறைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

சுற்றியுள்ள ஒவ்வொரு சதுர அடியும் லாபத்துக்காகக் கணக்குப் பார்த்து விடப்படும் ஊரில், இந்த 3,600 சதுர அடி மட்டும் எதையும் விற்காமல், யாருக்கும் வாடகைக்குப் போகாமல் சும்மா கிடக்கிறது. வாசலில் நின்றால் மண் வாசனை வரும். 'நரகத்தின் நூறு ஏக்கர்' கலைஞர்களை ஏன் ஈர்த்தது என்பதற்கு, அந்தத் தெருக்களில் மிச்சம் இருக்கும் நல்ல விளக்கம் அதுதான்.